விதைக்குக் குடை பிடித்த கரடி

மொட்டைப்பாறைக் காட்டில் சடையாண்டி என்று ஒரு கரடி இருந்தது. அதற்கு இரண்டே விஷயங்களில்தான் அக்கறை. ஒன்று தேன். இன்னொன்றும் தேன்தான்.

அந்தக் காட்டின் நடுவே மழித்த தலை மாதிரி ஒரு பெரிய பாறை நின்றது. அதன் நெற்றியில் மலைத்தேனீக்களின் கூடுகள் வரிசையாகத் தொங்கும். பாறைக்குக் கீழே ஒரு பொட்டல். பொட்டலின் ஓரத்தில்தான் சடையாண்டியின் குகை. காலையில் கண் விழித்ததும் அது முதலில் தேன்கூடுகளை எண்ணும். அதன் பிறகுதான் கொட்டாவி விடும்.

ஒரு புரட்டாசி மாதக் காலையில் எண்ணுவதற்காக நிமிர்ந்தபோது, பாறை முழுக்க ஒரே இரைச்சல். தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"ராணியம்மா! ராணியம்மா! எங்க கெளம்பிட்டீங்க?" என்று அலறியது கரடி.

ராணித்தேனீ திரும்பிப் பார்த்தது. "மழை வருதுல்ல, கீழ்நாட்டுக்குப் போறோம். வருஷா வருஷம் போறதுதானே, கரடியாரே!"

"தையில திரும்பி வந்துருவீங்கல்ல?"

"இந்தத் தடவை சந்தேகம்தான். ரெண்டு வருஷமா மழை சரியில்ல. இந்தப் பொட்டல்ல இருந்த செடியெல்லாம் காஞ்சு கருவாடாப் போச்சு. போன தையில வந்து பாத்தோமே, பேருக்கு ஒரு பூ உண்டா? நாங்க என்ன பாறையையா நக்குறது?"

சடையாண்டி காய்ந்த பொட்டலைத் திரும்பிப் பார்த்தது.

"தைப் பௌர்ணமி அன்னைக்குக் காலையில இந்தப் பாறைக்கு மேலதான் பறந்து போவோம்" என்றது ராணி. "கீழ பூ தெரிஞ்சா எறங்குவோம். தெரியலைன்னா நேரா அடுத்த மலைதான். அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டோம்!"

"ஐயோ! நீங்க போயிட்டா நான் என்ன ஆவேன்?"

"இதென்ன கூத்து! எங்க கூட்டைத் திருடித் திங்கிறதே நீங்கதான். நாங்க போனா உங்களுக்கு என்ன அழுகை?"

"அதுக்குத்தானே அழுவுறேன்!" என்றது சடையாண்டி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ராணித்தேனீ சிரித்துக்கொண்டே பறந்துபோனது. பாறை வெறிச்சோடியது. சடையாண்டி அன்று முழுக்க ஒன்றுமே சாப்பிடவில்லை. அதாவது, இரண்டு புற்றுக் கறையானையும் ஒரு மரத்து அத்திப்பழத்தையும் தவிர ஒன்றுமே சாப்பிடவில்லை.

மறுநாள் அது ஒரு முடிவுக்கு வந்தது. பூ இல்லை என்றால் பூவை வரவழைக்க வேண்டும். பூ வர வேண்டும் என்றால் விதை வேண்டும்.

மலையின் மறுபக்கம், ஒரு ஊற்றின் ஓரத்தில் மட்டும் சில செடிகள் தப்பிப் பிழைத்திருந்தன. தும்பை, துத்தி, கிலுகிலுப்பை, விஷ்ணுகிராந்தி, காசித்தும்பை என்று எல்லாம் இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிகள். சடையாண்டி ஒரு சுரைக்குடுக்கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டது. புரட்டாசி முழுக்க அதே வேலை. காசித்தும்பைக் காயைத் தொட்டால் அது பட்டென்று வெடித்து விதையை மூஞ்சியில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் சடையாண்டி "யாருடா அது!" என்று திரும்பிப் பார்க்கும். ஒரு தடவைகூட அதற்குப் பழகவில்லை. இருந்தாலும் மாதம் முடிவதற்குள் குடுக்கை நிறைந்துவிட்டது.

ஐப்பசி பிறந்தது. விதைக்கிற நாளும் வந்தது.

இங்கேதான் சடையாண்டி, ஒரு கரடி மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தது. கரடிக் குட்டிகள் எப்படி வளரும் தெரியுமா? அம்மாக் கரடி குட்டியைக் குகைக்குள்ளேயே வைத்திருக்கும். மழை, வெயில், காற்று எதையும் பட விடாது. வெளியே போனாலும் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போகும். குட்டியின் கால் தரையில் படவே மாதக்கணக்காகும். சடையாண்டியும் அப்படி வளர்ந்த பிள்ளைதான். ஆகவே சின்னதாக இருக்கிற எதையும் அப்படித்தான் வளர்க்க வேண்டும் என்று அது முடிவு கட்டியிருந்தது.

பொட்டலின் ஒரு மூலையில் அது தரையைக் கூட்டிப் பெருக்கியது. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டியது. குழிக்குள் காய்ந்த புல்லை மெத்தையாகப் பரப்பியது. ஒவ்வொரு விதையாக எடுத்து, ஊதி, துடைத்து, உள்ளே படுக்க வைத்தது. மேலே ஒரு இலையைப் போர்த்திவிட்டது. அதற்கு மேல் இன்னொரு இலை. ஐப்பசிக் குளிர் ஆயிற்றே, அதனால் மூன்றாவதாகவும் ஒன்று!

"தூங்குங்கடா கண்ணுகளா! யாரும் உங்களைத் தொட மாட்டாங்க. நான் பாத்துக்கிடுறேன்!"

குடுக்கையில் பாதி விதை இப்படித் தீர்ந்தது. மீதிப் பாதியை அது விதைக்கவில்லை. 'இதுகள் பெரிதானதும் தம்பி தங்கைகளைப் படுக்க வைக்கலாம்' என்று குடுக்கையின் வாயில் தேன்மெழுகை அடைத்து, கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டது.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து வந்த மழை! காடே ஆடிப்பாடியது. தவளைகள் கத்தின. மயில்கள் குதித்தன. சடையாண்டி மட்டும், "ஐயையோ! பிள்ளைக நனையுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடியது.

விழுந்து கிடந்த பனையோலைகளை எல்லாம் இழுத்து வந்தது. நான்கு மூலைக்கும் கம்பு நட்டு, குழிகளுக்கு மேலே பந்தல் போட்டது. ஓலை பத்தாத இடத்தில் தானே ஒரு மட்டையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றது. விதைகளின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. சடையாண்டியின் மேல் விழாத சொட்டு இல்லை.

"அ... அ... அச்சூ!"

விதைகளுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று நின்ற கரடிக்குச் சளி பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள், மழை தூறிக்கொண்டிருந்தபோது, பேச்சி அந்தப் பக்கம் வந்தது. பேச்சி ஒரு காட்டுப்பன்றி. அதற்கு ஏழு குட்டிகள். ஏழும் சேற்றில் புரண்டு, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்றே தெரியாமல் உருண்டு வந்தன.

பேச்சி பந்தலைப் பார்த்தது. குடையைப் பார்த்தது. கரடியின் ஒழுகும் மூக்கைப் பார்த்தது.

"என்ன தம்பி, யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. விதை போட்டிருக்கேன், பேச்சியக்கா."

"விதைக்கு யாராச்சும் குடை பிடிப்பாங்களா?"

"நனைஞ்சா சளி பிடிச்சுக்கிடும்க்கா!"

"விதைக்கு மூக்கே இல்லையேப்பா!"

குட்டிகள் ஏழும் விழுந்து விழுந்து சிரித்தன. சடையாண்டிக்கு முகம் சிவந்தது. கறுப்பு முடிக்குள் சிவந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. பூச்செடி விதைய மண்ணு மேல சும்மா தூவி விடணும். மழையில கெடக்கணும். நாலு கால் மிதிக்கணும், அப்பத்தான் மண்ணோட ஒட்டும். என் புள்ளைக பொரண்ட எடத்துல எப்பவும் தும்பை மொளைக்கும். நீயே பாத்திருப்ப!"

"மிதிக்கணுமா? பச்சப் புள்ளைகளையா? உங்களுக்கு மனசே கெடையாதா? எங்கம்மா என்னை நாலு மாசம் தரையில விட்டதில்ல, தெரியுமா!"

"நான் என் புள்ளைகளை நாலாம் நாளே சேத்துல விட்டேன். ஒண்ணுக்காவது மூக்கு ஒழுகுதா பாரு. ஒனக்குத்தான் ஒழுகுது!"

இவ்வளவோடு பேச்சி போயிருந்தால் கதையே வேறு. ஆனால் பந்தல் காலின் அடியில் ஒரு கோரைக்கிழங்கு இருந்தது. கிழங்கு வாசனை மூக்கில் ஏறிவிட்டால் பன்றிக்குக் கண் தெரியாது. பேச்சி மூக்கை விட்டு ஒரு நெம்பு நெம்பியது. கம்பு சாய்ந்தது. பந்தலின் மூலை சரிந்தது. சாய்ந்த கம்பு நேராக வந்து சடையாண்டியின் கழுத்துக் குடுக்கையில் மோதியது. மெழுகு அடைப்பு தெறித்துப் பறந்தது. ஆத்திரத்தில் கரடி அதைக் கவனிக்கவில்லை.

"ஏய் பேச்சி! இன்னைக்கு ஒன்ன விட்டேனா பாரு!"

பேச்சி ஓட்டம் பிடித்தது. பின்னால் சடையாண்டி. அம்மா ஓடுவதைப் பார்த்த குட்டிகளுக்கு ஒரே குஷி. இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து, கரடியின் பின்னால் ஏழும் ஓடின. முன்னால் பன்றி, நடுவில் கரடி, கடைசியில் ஏழு குட்டிகள்! பொட்டலின் நடுவே கிடந்த உருண்டைக் கல்லை மூன்று சுற்றுச் சுற்றின. அங்கிருந்து வளைந்து வளைந்து ஓடைப் பக்கம் பாய்ந்தன. மறுபடி திரும்பின. கழுத்துக் குடுக்கை இடமும் வலமும் ஆட, அதன் வாயிலிருந்து விதைகள் சரசரவென்று சிந்தின. சிந்தியதை எல்லாம் இருபத்தெட்டு குட்டிக் கால்கள் மிதித்துக்கொண்டே போயின.

கடைசியில் ஒரு வழுக்குச் சேறு சடையாண்டியின் காலை வாரியது. "அம்மா!" என்ற சத்தத்தோடு அது மல்லாந்து விழுந்தது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். குடுக்கை கல்லில் பட்டு உடைந்து, மிச்ச விதையெல்லாம் சுற்றிலும் சிதறியது. ஏழு குட்டிகளும் அதன் தொப்பையில் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் இறங்கி, "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தின.

எழுந்து உட்கார்ந்த சடையாண்டி உடைந்த குடுக்கையைப் பார்த்தது. ஒரு மாத உழைப்பு! அது வாய்விட்டு அழுதது. "தம்பி தங்கச்சி எல்லாம் சேத்துல போச்சே!"

அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. ஒரு இலை அசைந்தாலும் ஊரைக் கூட்டுவது அதன் குலத்தொழில். இப்படி ஒரு சம்பவத்தை விடுமா? "வாங்க! வாங்க! வந்து பாருங்க!" என்று அது கத்திய கத்தலில் காடே திரண்டுவிட்டது.

காட்டுக்கு நாட்டாமை ஓர் உடும்பு. அது வெயில் காய்கிற நேரம் போக மிச்ச நேரத்தில்தான் நியாயம் சொல்லும். அன்று மேகம் கலைந்து வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவசரத்தில் இருந்தது.

"பந்தலைச் சாய்ச்சது யாரு?"

"நான்தாங்க ஐயா. கிழங்கு இருந்துச்சு" என்றது பேச்சி.

"போதும். கேளு தீர்ப்ப! இந்தப் பொட்டல்ல பூ பூக்கிற வரைக்கும் பேச்சியும் அதோட குட்டிகளும் ஓடையைத் தாண்டி இக்கரைக்கு வரக் கூடாது!"

பேச்சியின் முகம் வாடிப்போனது. "ஐயா, அக்கரையில செந்நாய்க திரியுது. ஏழு புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்? கரடித் தம்பி, நீயாச்சும் சொல்லுப்பா. வேணும்னா அந்தப் பந்தலை நானே நிமித்தித் தாரேன்."

சடையாண்டிக்கு நெஞ்சில் முள் தைத்தது போல் இருந்தது. ஆனால் கையில் உடைந்த குடுக்கை இருந்தது. தேனீக்கள் வராத ஒரு தை மாதம் அதன் கண் முன்னே நின்றது. அது வாயைத் திறக்கவில்லை.

"சொன்னா சொன்னதுதான்!" என்றது நாட்டாமை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? பேச்சி ஏழு குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு ஓடையில் இறங்கியது. கடைசிக் குட்டி மட்டும் திரும்பிப் பார்த்து, "கரடி மாமா, நாளைக்கும் தொரத்துவீங்களா?" என்று கேட்டது. சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டது.

அதன் பிறகு அது செய்த முதல் காரியம் வேலி போட்டதுதான். பந்தலைச் சரிசெய்து, அதைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி வந்து ஆள் உயரத்துக்கு அடுக்கியது. ஒரு பக்கம் பாறை, மூன்று பக்கம் முள். நன்றாக அடைத்து முடித்து, கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. வாசல் வைக்க மறந்துபோயிருந்தது. தானோ உள்ளே நின்றுகொண்டிருந்தது.

"அதனால என்ன? பிள்ளைகளோட இருந்துட்டுப் போறேன்!" என்று அது சமாதானம் சொல்லிக்கொண்டது. உள்ளே ஒரு கறையான் புற்று இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

கார்த்திகை அடைமழை கொட்டித் தீர்த்தது. சடையாண்டி ஒவ்வொரு ஒழுகலாகத் தேடி அடைத்தது. அதற்குத் தெரிந்த ஒரே பாட்டை, எழுபது தடவை பாடித் தாலாட்டியது. விதைகள் ஆழ்ந்து தூங்கின. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

"சமத்துப் புள்ளைக!" என்று பூரித்தது கரடி.

சில நாள் அக்கரையிலிருந்து செந்நாய்களின் சீழ்க்கை கேட்கும். அப்போதெல்லாம் சடையாண்டி பாட்டை நிறுத்திவிடும். ஏழு குட்டிகளின் முகமும் ஞாபகத்துக்கு வரும். காதைப் பொத்திக்கொள்ளும். பொத்தினாலும் கேட்கும்.

மார்கழி வந்தது. ஆள்காட்டிக் குருவி தினமும் வேலிக்கு வெளியே வந்து சேதி சொல்லும்.

"அண்ணே! அண்ணே! பொட்டல்ல பச்சை தெரியுது!"

"அது களை!" என்றது சடையாண்டி உள்ளேயிருந்து.

பத்து நாள் கழித்து, "அண்ணே! அதுல மொட்டு விட்டிருக்கு!"

"களைக்கும் மொட்டு வரும்!"

தை பிறந்ததும், "அண்ணே! வெள்ளையா, மஞ்சளா, நீலமா... நீங்க வந்து பாருங்கண்ணே!"

"சத்தம் போடாத தாயி! பிள்ளைக தூங்குது!"

விஷயம் என்னவென்றால், சடையாண்டி பூவைப் பார்த்திருக்கிறது, விதையைப் பார்த்திருக்கிறது. நடுவில் ஒரு செடி இப்படித்தான் வரும் என்று அது யாரிடமும் கேட்டதில்லை. தான் வளர்க்காத எதுவும் அதன் கணக்கில் களைதான்.

தைப் பௌர்ணமி வந்தது. விடிந்ததும் சடையாண்டி பந்தலைப் பிரித்தது.

"எந்திரிங்கடா! நேரமாச்சு! விருந்தாளிங்க வர்ற நாளு!"

ஒன்றும் அசையவில்லை. முதல் குழியைத் தோண்டிப் பார்த்தது. மூன்று இலைப் போர்வை, புல் மெத்தை, அதன் மேல் விதை. ஐப்பசியில் வைத்தது வைத்தபடியே, ஈரமே படாமல், காய்ந்து கிடந்தது. அடுத்த குழியில் மெத்தை மட்டும் இருந்தது, விதையை எறும்பு கொண்டுபோயிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. எல்லாக் குழிகளையும் தோண்டி முடித்தபோது கரடியின் கையில் ஒரு பிடி வறண்ட விதை மிஞ்சியது.

சடையாண்டி அப்படியே உட்கார்ந்து அழுதது. பூவும் இல்லை, தேனும் இல்லை. அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. பூ பூக்காவிட்டால் பேச்சியும் குட்டிகளும் இக்கரைக்கு வரவே முடியாது. இந்தப் பொட்டலில் இனி எந்தக் காலத்தில் பூக்கப்போகிறது?

'தேனீக்களிடமாவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம்' என்று அது கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலியின் ஒரு பக்கமாக நின்ற பாறையில் ஏறியது. கண்ணீர் மறைத்ததால் வழி தெரியவில்லை. இரண்டு தடவை பாறையிலேயே முட்டிக்கொண்டது. உச்சிக்குப் போனதும் தூரத்தில் 'ம்ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்டது. சடையாண்டி கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டது.

"ராணியம்மா! பூ இல்லம்மா! என்னால முடியல! என்ன மன்னிச்சிருங்க! போயிட்டு வாங்க!"

ரீங்காரம் நெருங்கியது. தலைக்கு மேல் வந்தது. தாண்டிப் போகும் என்று பார்த்தால், கீழே இறங்கியது!

"என்ன கரடியாரே, வெளையாடுறீங்களா? பூ இல்லையா? கண்ணத் தொறந்து கீழ பாருங்க!"

சடையாண்டி ஒரு கண்ணைத் திறந்தது. அப்புறம் இன்னொன்றையும் திறந்தது. அதன் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

பொட்டல் பூத்துக் கிடந்தது! உருண்டைக் கல்லைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாக மூன்று வளையம். அங்கிருந்து ஓடைப் பக்கம் வளைந்து வளைந்து போன மஞ்சள் கோடு. திரும்பி வந்த இன்னொரு கோடு. அது முடிகிற இடத்தில் தும்பையும் துத்தியும் காசித்தும்பையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பூக்கூட்டத்தின் நடுவே மட்டும் ஒரு இடம் வெறும் மண்ணாக இருந்தது. அதற்கு ஒரு தலை, இரண்டு விரித்த கைகள், இரண்டு விரித்த கால்கள், பெரிய ஒரு தொப்பை!

ராணித்தேனீ அதை உற்றுப் பார்த்தது. "அங்க யாரோ மல்லாந்து விழுந்திருக்காங்க போலருக்கே!"

கீழே காடே கூடியிருந்தது. மயிலும் மானும் முயலும் பூவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தன. எங்கே ஆரம்பித்து, எப்படி ஓடி, எங்கே வழுக்கி விழுந்தது என்று யாரும் சொல்லவே தேவையில்லை. சடையாண்டியின் மானம் கலர் கலராகப் பூத்திருந்தது.

"பிரமாதமான தோட்டம்! இதைப் போட்டது யாரு?" என்று கேட்டது ராணி.

'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். சடையாண்டியின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. ஆனால் முன்னமே சொன்னேனே, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ராணியம்மா, நான் பொத்திப் பொத்தி வளத்தது அந்த முள்ளுக்குள்ள இருக்கு. அது வெறும் மண்ணு. இது நான் பேச்சியக்காவத் தொரத்துனப்ப சிந்துனது. மிதிச்சது அவங்க புள்ளைக. நனைச்சது மழை. இப்பிடித்தான் போடணும்னு அந்தக்கா அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கல. கேக்காததோட விடல, அவங்கள ஊரைவிட்டே..."

சடையாண்டி பாறையிலிருந்து பாதி இறங்கி, பாதி உருண்டு, நேராக ஓடைக்கு ஓடியது.

"நில்லு!" என்று கத்தியது உடும்பு நாட்டாமை. "தீர்ப்பு என்ன? பூ பூக்கிற வரைக்கும். பூத்துருச்சு. தீர்ப்பு முடிஞ்சுது. நீ போகலாம்! நான் வெயில் காயப் போறேன்!"

கரடி ஓடையைத் தாண்டி, அக்கரைப் புதர் ஒவ்வொன்றாகத் தேடியது. "பேச்சியக்கா! பேச்சியக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தியது. வெகுநேரம் பதிலே இல்லை. கடைசியில் ஒரு பாறைப் பொந்திலிருந்து பேச்சி தலையை நீட்டியது. மெலிந்திருந்தது. காதில் ஒரு கடிக் காயம் பாதி ஆறியிருந்தது.

"என்ன தம்பி, இன்னும் தொரத்தணுமா?"

"புள்ளைக எங்கக்கா?"

ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சடையாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. ஏழாவது வரவில்லை. கரடிக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா... இன்னொண்ணு?"

"அதுவா? தூங்குமூஞ்சி! எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன்."

பொந்துக்குள்ளிருந்து கடைசிக் குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது. கரடியைப் பார்த்ததும் துள்ளியது. "மாமா! தொரத்த வந்தீங்களா?"

சடையாண்டி அதைத் தூக்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதது. மூக்கும் ஒழுகியது. அது சளி இல்லை.

"மன்னிச்சிருங்கக்கா. உங்க பேச்சக் கேட்டிருந்தா உங்களுக்கு இந்தப் பாடே வந்திருக்காது."

பேச்சி காதை ஒரு தடவை ஆட்டியது. "கோவம் இருக்கு தம்பி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது போக நாளாகும். மொதல்ல அந்தக் கோரைக்கிழங்கு இருக்கான்னு காட்டு."

கிழங்கு அப்படியே இருந்தது. சடையாண்டி முள்வேலியைத் தன் கையாலேயே பிய்த்துப் போட்டு வழி விட்டது. தேனீக்கள் பாறையில் மறுபடி கூடு கட்டின. மாசி முடிவில், ராணித்தேனீ சம்மதித்துக் காட்டிய ஒரே ஒரு தேனடையை மட்டும் கரடி எடுத்தது. அதிலும் முதல் துண்டு பேச்சிக்கு, அடுத்த ஏழு துண்டு குட்டிகளுக்கு. மிச்சம் இருந்தது ஒரு நக்கு. அந்த ஒரு நக்கைச் சடையாண்டி மூன்று நாள் நக்கியது.

அடுத்த ஐப்பசி வந்தது. மலைப்பக்கம் இடி இடித்தது. சடையாண்டி புதுக் குடுக்கை நிறைய விதையோடு பேச்சியின் முன்னால் போய் நின்றது. இந்தத் தடவை குடுக்கைக்கு மூடியே இல்லை.

"அக்கா, கொஞ்சம் ஓடுறீங்களா?"

பேச்சி அதை மேலும் கீழும் பார்த்தது. அதன் காதுக் காயம் முழுக்க ஆறியிருந்தது. கோபமும் அப்படித்தான். "பிடிச்சுருவியாக்கும்!" என்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பின்னால் கரடி. அதற்குப் பின்னால், இப்போது ஓரளவு வளர்ந்துவிட்ட ஏழு குட்டிகளும் "ஹோ" என்று கத்திக்கொண்டு ஓடின. மழை கொட்டியது. விதைகள் எல்லாம் நன்றாக நனைந்தன, மிதிபட்டன, சேற்றில் புதைந்தன. சடையாண்டி ஒரு பனையோலையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தது. அதைத் தன் தலைக்குப் பிடித்துக்கொண்டே ஓடியது. விதைக்கு மூக்கு இல்லை, தனக்கு இருக்கிறது என்று அதற்கு இப்போது தெரியும்.

ஒன்றை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், தம்மை எப்படி வளர்த்தார்கள் என்று நினைத்து அதன்படி செய்யாமல், அதற்கு என்ன தேவை என்று தெரிந்தவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.